டிராக் வாசலில் கியர்பாக்ஸ் ஆயிலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. வேகத்தை நடுரோட்டில் காட்டாமல் டிராக்கில் காட்டுங்கள் என்று எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: ஆட்டோமேட்டிக் கார்கள் டிராக்குக்கு ஆகாது, நாலு சுற்றில் கியர்பாக்ஸ் கொதித்துவிடும் என்று. மறுநாள் காலையில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். “அண்ணா, நாங்க போலாமா, வேண்டாமா?” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவன். 31 வருஷமாக இதே தொழில். கடைசி 14 வருஷமாக ஆட்டோமேட்டிக் பெட்டிகளை மட்டும்தான் பிரிக்கிறேன். கொதிக்குமா என்றால், கொதிக்கும். கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் கொதிக்கிறது, எதில் கொதிக்கிறது, என்ன செய்தால் கொதிக்காது என்பதைச் சொல்லாமல் ‘ஆகாது’ என்று மட்டும் எழுதினால், கவனமாக இருக்கிறவர் போகாமல் இருந்துவிடுவார். கவனம் இல்லாதவர் எப்படியும் போவார். அவர் வண்டிதான் ரெக்கவரி வண்டியில் ஏறி என் வாசலுக்கு வருகிறது.

போன வருஷம் அப்படி வந்தது என் அக்கா மகனின் கார். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டர்போ பெட்ரோல், 72,000 கிலோமீட்டர் ஓடியது. எந்த டிராக், யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. எனக்குச் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று சொல்லாமல் போயிருக்கிறான். போவதற்கு முந்தின வாரம் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டு எஞ்சின் ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, டயர் பார்த்து எல்லாம் செய்திருக்கிறான். கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு, “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்” என்று பதில் வந்திருக்கிறது. அங்கிருந்த பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்கு 1,40,000 ரூபாய் செலவு வைத்தது.

ஐந்தாவது சுற்றில் டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடு என்று எழுத்து வந்திருக்கிறது. அப்புறம் வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் மாறவில்லை. பயந்துபோய் டிராக்கை விட்டு உள்ளே வந்து, நிறுத்தி, உடனே எஞ்சினை அணைத்துவிட்டான். அது இரண்டாவது தப்பு. எஞ்சின் ஓடினால்தான் பெட்டிக்குள் இருக்கும் பம்பு ஓடும், பம்பு ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போய்ச் சூட்டை இறக்கிவிட்டு வரும். அணைத்துவிட்டால் அந்தச் சூடு முழுவதும் உள்ளேயே அடங்கி சீல்களையும் கிளட்ச் பிளேட்டுகளையும் வேகவைக்கும்.

“மாமா, திட்டாதீங்க” என்றுதான் திங்கள்கிழமை காலையில் இறங்கினான். திட்டவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் ஒரு வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுத்து, அதில் மூன்று சொட்டு விட்டு அவன் கையில் கொடுத்தேன். பக்கத்தில் இன்னொரு துண்டில் புது ஆயில் மூன்று சொட்டு. புதுசு மாதுளைச் சாறு மாதிரி சிவந்து, துணியில் இளஞ்சிவப்பாகப் பரவியது. அவன் வண்டி ஆயில் பரவவே இல்லை. நடுவில் கருப்பாகப் பொட்டு வைத்தது போல நின்று, ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு வளையம் விட்டது. “மோந்து பாரு மாப்ளே” என்றேன். கடாயில் தாளிப்பு தீய்ந்துபோன வாடை. இந்தத் தொழிலில் மூக்குக்குத்தான் முதல் வேலை. அந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டின் காகித உரசுபரப்பு கருகிவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. மெல்லிசாக ஒரு படலம் எல்லா வண்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இது அப்படி இல்லை. ஸ்டீல் பிளேட்டுகளில் மயில்கழுத்து நீலத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. இரும்பு அவ்வளவு சூடு கண்டிருக்கிறது.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நம் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு டெலிவரி வால்வைத் திறக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியே போகாது, மோட்டார் நிற்காது, பம்புக்குள் இருக்கும் தண்ணீரே சுற்றிச் சுற்றிக் கொதித்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும் உள்ளுக்குள் ஒரு பம்புதான். எஞ்சின் பக்கத்து இறக்கை ஆயிலை வீசுகிறது, கியர் பக்கத்து இறக்கை அதை வாங்கிச் சுற்றுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றினால் சூடு குறைவு. எஞ்சின் வேகமாகச் சுற்றி மறுபக்கம் பின்தங்கினால், அந்த வித்தியாசத்தில் வீணாகிற சக்தியெல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும். ஹைவேயில் சீராகப் போகும்போது உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதனால்தான் சென்னைக்கு 500 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. டிராக்கில் பிரேக், முழு மிதி, கியர் இறக்கம், திரும்ப முழு மிதி என்று போகும்போது அந்தப் பூட்டு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு கிளட்ச் விட்டு இன்னொரு கிளட்ச் பிடிக்கிறது. பிடிக்கிற அந்த நொடியில் வழுக்கல் உண்டு, வழுக்கல் இருந்தால் சூடு உண்டு.

இதிலேயே மிக மோசமானது, வீடியோ பார்த்துவிட்டு இளைஞர்கள் செய்கிற ஒரு வேலை. பிரேக்கை ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலால் ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை முறுக்கி, அப்புறம் பிரேக்கை விட்டுப் பாய்வது. வால்வை மூடிய பம்பு சொன்னேனே, அதேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள எஞ்சின் 2,300 ஆர்பிஎம்மில் முறுக்கி நிற்கிறது என்றால் 48 கிலோவாட், சுமார் 65 ஹெச்பி. சக்கரம் சுற்றவில்லை, அத்தனையும் ஆயிலுக்குத்தான் போகிறது. நம் தோட்டத்து 5 ஹெச்பி மோட்டார் 13 சேர்ந்து 7 லிட்டர் ஆயிலைக் காய்ச்சுவதற்குச் சமம். அந்த 7 லிட்டரும் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலே விநாடிக்கு 4 டிகிரி ஏறும். கன்வெர்ட்டருக்குள் அந்த நேரத்தில் இருப்பது அதில் ஒரு பங்குதான். ஆகவே அங்கே ஏறுவது இன்னும் வேகமாக இருக்கும். என் அக்கா மகன் அன்றைக்கு நண்பர்களுக்காக இதை ஆறேழு முறை செய்து காட்டியிருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இந்த ஆயில் நிம்மதியாக வேலை செய்வது 80 முதல் 95 டிகிரி வரை. 115ஐத் தாண்டினால் உள்ளே அரக்கு மாதிரி படிய ஆரம்பிக்கும். 130 பக்கம் போனால் ரப்பர் சீல்கள் இறுகும், 145இல் கிளட்ச் வழுக்கும். எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். ஆகவே கெடுதல் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. டிராக்கில் 120 தொட்டுவிட்டு வந்த வண்டி மறுநாள் ஆபீசுக்கு நன்றாகத்தான் ஓடும். ஆறு மாசம் கழித்து அவிநாசி ரோடு சிக்னலில் ஒரு உதறல் வரும். அப்போது டிராக் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பெட்டியைக் கட்டி முடித்து, புது ஆயில் ஊற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஊரில் ஓடவிட்டு, அப்புறம் நானே அவனோடு டிராக்குக்குப் போனேன். அவனுக்கு ஆசை விடவில்லை, எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வண்டிக் கம்ப்யூட்டரில் இருக்கும் சூட்டு அளவைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகி மடியில் வைத்துக்கொண்டேன். டிராக்குக்குள் நுழையும்போது கியர்பாக்ஸ் ஆயில் 84 டிகிரி. முதல் சுற்று முடிவில் 93, இரண்டாவதில் 104, மூன்றாவதில் 113, நாலாவதில் 119. எஞ்சின் தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் இந்த நேரம் முழுவதும் நடுவிலேயே அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? “போதும் மாப்ளே, இறக்கு” என்றேன். மேல் கியரில் போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று. 108. இன்னொரு சுற்று. 99. உள்ளே வந்து பார்க்கில் போட்டு எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டோம். 92க்கு வந்தது.

அடுத்த மாசம் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு பிளேட் கூலர் வைத்து, கம்பெனி கூலரிலிருந்து வரும் ஆயிலை அது வழியாக விட்டுக் கியர்பாக்ஸுக்குத் திருப்பினேன். இந்தத் தடவை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு சுவிட்சால் கியரைக் கையில் மாற்றச் சொன்னேன். அந்த வண்டியில் கைமுறையில் போட்டால் லாக்-அப் சீக்கிரம் பூட்டுகிறது, தேவையில்லாமல் மேலும் கீழும் தாவுவதும் இல்லை. எட்டுச் சுற்று ஓட்டியும் 103ஐத் தாண்டவில்லை. ஒரு வண்டியில் இரண்டு நாள் பார்த்த கணக்குதான் இது, எல்லா வண்டிக்கும் இதே எண் வராது. ஆனால் ‘ஆகாது’ என்ற ஒரு வார்த்தையால் இதை மூட முடியாது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1965இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை, கொட்டும் மழையில், ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் ஓட்டி ஜெயித்த சப்பாரல் காரில் இருந்தது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பெட்டிதான். 60 வருஷத்துக்கு முன்னால் 12 மணி நேரம் தாங்கியிருக்கிறது. அப்பா என்னைச் சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப்போன காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சூட்டை வெளியே எடுக்க வழி செய்துவிட்டால் பெட்டி தாங்கும்.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பேரில் நான்கு வகைப் பெட்டிகளைச் சொல்கிறோம், அதுவும் குழப்பத்துக்குக் காரணம். இதுவரை சொன்னது டார்க் கன்வெர்ட்டர் வகை, இன்னும் மூன்று உண்டு. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மட்டும் மெஷின் மிதிக்கிறது. அதில் கன்வெர்ட்டரும் இல்லை, இந்தச் சிவப்பு ஆயிலும் இல்லை. கருகினால் கிளட்ச்தான் கருகும். டபுள் கிளட்சில் உலர் வகை, ஆயிலில் முங்கிய வகை என்று இரண்டு உண்டு. உலர் கிளட்சுக்குக் காற்றை விட்டால் வேறு குளிர்ச்சி கிடையாது, அதை நோகடிப்பது டிராக்கின் வேகத்தைவிட மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து ஏறுவதுதான். சிவிடியை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் இரும்பு பெல்ட்டை ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடித்திருக்கும். முழு மிதியில் அந்த இறுக்கம் விடாமல் இருக்க வேண்டும், பம்பு ஓய்வில்லாமல் உழைக்கும், சூடு ஏறியதும் கம்ப்யூட்டர் தானாக எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். அது பெட்டியைக் காப்பாற்றுகிறது, பின்னால் வேகமாக வருகிறவனுக்கு ஆபத்தாகிறது.

பின்னால் வருகிறவன் என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கடிதத்தை எழுதவே அதுதான் காரணம். தன் பெட்டி கருகினால் தன் காசு, அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அளவுக்கு மேல் சூடான ஆயில் விரிந்து நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக வெளியே கக்கும். சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். ரோட்டில் சிந்தினால் அடுத்து வருகிறவர் சறுக்குவார். நம் ஊர்ப் பக்கம் டிராக்குகளில் காலையில் கார், மத்தியானம் பைக் என்று ஒரே தரையில்தான் ஓடுகிறார்கள். வளைவில் சாய்ந்து வருகிற ஒரு பையனுக்கு ஒரு கைப்பிடி அளவு ஆயில் போதும்.

இங்கே டிராக்குக்குப் பஞ்சமில்லை. செட்டிபாளையத்தில் ரேஸ் வீரர் கரிவர்தன் பேரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இலிருந்து இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. இப்படிப்பட்ட டிராக்குகளை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை ஓட்டவிடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஹெல்மெட் பார்க்கிறீர்கள், பிரேக் பார்க்கிறீர்கள், டயர் பார்க்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கூட ஒரு கேள்வி கேளுங்கள்: கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மாற்றியதே இல்லை என்றால் நாலு சுற்றுக்கு மேல் விடாதீர்கள். ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்து, ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தவரின் ஆயில் சூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த தடவைக்கு விடுங்கள். உள்ளே வந்ததும் எஞ்சினை அணைக்காதீர்கள், பிரேக் சூட்டில் இருக்கும்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள் என்று வாசலில் தமிழில் ஒரு போர்டு எழுதி வையுங்கள்.

கார் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. லைஃப்டைம் என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். உலகம் முழுக்கப் பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. முரட்டு ஓட்டம் என்றால் இன்னும் முன்னாலேயே. டிராக்குக்குப் போகிறவர்கள் 40,000இல் மாற்றிவிடுங்கள் என்பது என் அனுபவம். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல பெட்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறந்து வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். கொதிக்கும் வண்டியில் பார்த்தாலும் தப்பு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பார்த்தாலும் தப்பு. அரை லிட்டர் குறைந்தாலும் டிராக் வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும்.

டிராக் பக்கமே போகாதவர்கள் இதைத் தங்களுக்கு இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. மே மாசக் கூட்டத்தில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறி, முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால், உங்கள் பெட்டியும் டிராக் வண்டி மாதிரிதான் சூடாகும். காற்று வேகம் இல்லாததால் ஆறுவதும் தாமதம். D-யில் விட்டுவிடாமல் கைமுறையில் இரண்டாம் கியரில் போட்டு ஏறுங்கள், இறங்குங்கள்.

டிராக் டே நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நாளிதழ் மூலமாக எனக்கு ஒரு தகவல் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கேனரோடு வந்து வாசலில் உட்காரத் தயாராக இருக்கிறேன். கூலி வேண்டாம். ஒரு மேஜையும் கொஞ்சம் நிழலும் கொடுத்தால் போதும், வெள்ளைத் துணி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் மெக்கானிக் ஒருவர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.